எண்பது பெட்டிகளின் எடை

என் தங்கை பொற்கொடி எதிர்ப்பில்லாமல் பெற்றது எதுவும் இல்லை. பெற்றவற்றை எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன். கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் வாழைக்குக் கூலி போன வீட்டிலிருந்து பாலிடெக்னிக் டிப்ளமோ வாங்கினாள். அதில் கணக்குப் பாடத்தில் இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை நாற்பத்தொன்று எடுத்தாள். ஸ்கூட்டர் லைசென்ஸ் நான்காவது தடவையில் கிடைத்தது. பீளமேட்டில் ஒரு கம்ப்யூட்டர் கடையின் சர்வீஸ் மேசையில் நாற்காலி கிடைத்தது. அதற்கு முன் அந்த மேசையில் பெண் யாரும் உட்கார்ந்ததில்லை, முதல் ஆறு மாதம் இவளும் நின்றுகொண்டே வேலை செய்தாள். கடைசியாக, எண்பது பெட்டிகள் வெளியே போகாமல் தடுத்தாள். அதற்குத்தான் எதிர்ப்பு அதிகம். எதிர்த்தவர்களில் நானும் ஒருத்தி.

நான் ஒன்பதாவது வரை படித்தவள். பத்தொன்பது வருஷமாக ஒரு பம்பு மோட்டார் பட்டறையில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுகிறேன். பட்டறை கதிரேசன் என்பவரின் குடும்பத்துடையது. பொற்கொடி வேலை செய்யும் கம்ப்யூட்டர் கடையும் அவருடையதுதான். நான் சொல்லித்தான் அவளைச் சேர்த்துக்கொண்டார். அதனால் அங்கே அவள் பேர் கெட்டால் இங்கே என் வேலையும் போகும். இதை நாங்கள் இருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் தெரியும்.

கம்ப்யூட்டருக்குள் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தைக் குறைத்து, பன்னிரண்டு வோல்ட்டாகவும் ஐந்து வோல்ட்டாகவும் மற்ற பாகங்களுக்குக் கொடுப்பது அதன் வேலை. எஸ்.எம்.பி.எஸ். என்பார்கள். அது மோசமாக இருந்தால் கம்ப்யூட்டர் திடீரென்று அணையும். ரொம்ப மோசமாக இருந்தால் மற்ற பாகங்களையும் கூட்டிக்கொண்டு போகும், சில சமயம் புகையும். வரும் பெட்டி நல்லதா என்று பார்ப்பதுதான் பொற்கொடியின் முக்கிய வேலை.

அவள் எதையும் முதல் பார்வையில் நம்பமாட்டாள். பேருந்தில் ஊர்ப் பலகையைப் படித்துவிட்டு, ஏறிய பிறகு கண்டக்டரிடமும் கேட்பாள், பக்கத்தில் இருப்பவரிடமும் கேட்பாள். சிறு வயதில் இதற்காக நான் அவளைத் திட்டியிருக்கிறேன். பெட்டியைப் பார்ப்பதும் அப்படித்தான். மேலே பெரிதாக 450 வாட் என்று போட்டிருப்பதை விட்டுவிட்டு, ஓரத்தில் எறும்பு மாதிரி அச்சடித்திருக்கும் கட்டத்தைத்தான் முதலில் படிப்பாள். பிறகு ஒயரின் மேலே அதன் தடிமன் எண்ணைத் தேடுவாள். அப்புறம் காற்றுப் போகும் ஓட்டைகள் வழியாக டார்ச் அடித்து உள்ளே பார்ப்பாள்.

2024 ஜூலை ஒன்றாம் தேதி, திங்கட்கிழமை, எண்பது பெட்டிகள் வந்தன. இயந்திரங்களின் படம் வரையக் கற்றுக்கொடுக்கும் ஒரு நிலையத்துக்கு எண்பது கம்ப்யூட்டர் தருவதாகக் கதிரேசன் ஒப்புக்கொண்டிருந்தார். அந்தப் படம் வரையும் கம்ப்யூட்டர்கள் மின்சாரத்தை அதிகம் இழுப்பவை. ஒன்றுக்கு முந்நூறு வாட் வரை போகும். பெட்டிகளின் கம்பெனிப் பெயரை யாரும் கேள்விப்பட்டதில்லை. சென்னையிலிருந்து ஒரு விற்பனையாளர் அனுப்பியிருந்தார். பத்தாம் தேதி கம்ப்யூட்டர்கள் போய்ச் சேர வேண்டும்.

அன்று சாயங்காலம் பொற்கொடி ஒரு பெட்டியைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

"அக்கா, இதக் கையில வாங்கிப் பாருங்க."

வாங்கினேன். நல்ல கனம். மறுநாள் காலையில் அவளிடம் வாங்கிப் போய்ப் பட்டறைத் தராசில் வைத்தும் பார்த்தேன், ஒரு கிலோ அறுநூற்று இருபது கிராம். எங்கள் தொழிலில் எடைதான் பேசும். செம்புக்குப் பதில் அலுமினியம் சுற்றிய மோட்டாரை நான் தூக்கியவுடனே சொல்லிவிடுவேன், இதுவரை தவறியதில்லை. கோயமுத்தூரில் மோட்டார் வாங்குகிற எவரும் முதலில் தூக்கித்தான் பார்ப்பார்கள். கதிரேசனும் அப்படி வளர்ந்தவர். கம்ப்யூட்டர் பெட்டியையும் தூக்கிப் பார்த்துத்தான் வாங்கியிருந்தார்.

"நல்லாத்தான் அம்மணி இருக்குது. உள்ள சரக்கு இருக்குது" என்றேன்.

"அதுதானுங்கக்கா எனக்குச் சந்தேகம். ஒயரு நூலாட்டம் இருக்குது. கட்டத்துல பன்னெண்டு வோல்ட்டுக்குப் பதினாலு ஆம்பியர்னுதான் போட்டிருக்குது. பெருக்குனா நூத்தி அறுபத்தெட்டு வாட்டுதான். மேல நானூத்தியம்பதுன்னு எழுதியிருக்குது. இத்தன எளச்ச ஒயரு வெச்சவன் உள்ள மட்டும் இவ்வளவு கனமா எதுக்கு வெக்கோணும்?"

"பிரிச்சுப் பாரு, தெரிஞ்சு போவுது."

"பிரிச்சா சீல் கிழிஞ்சிரும். கிழிஞ்ச சீலக் காட்டியே திருப்பி எடுக்க மாட்டேம்பாங்க."

எனக்குக் கோபம் வந்தது. பத்தொன்பது வருஷக் கையை நம்பாமல் எறும்பெழுத்தை நம்புகிறாளே என்று இருந்தது. "எடை பொய் சொல்லாது கண்ணு" என்று முடித்துவிட்டேன். அவள் ஒயரை இன்னொரு தடவை தடவிப் பார்த்துவிட்டுப் பெட்டியைப் பையில் வைத்தாள். ஒத்துக்கொண்டாள் என்று அதற்கு அர்த்தமில்லை.

செவ்வாய்க்கிழமை அவள் கதிரேசனிடம் சந்தேகத்தைச் சொல்லியிருக்கிறாள். அவர் கேட்கவில்லை. புதனும் வியாழனும் அவள் வீட்டுக்குத் தாமதமாக வந்தாள். எங்கே போனாய் என்று கேட்டால் "சோலி இருந்துச்சுங்கக்கா" என்றாள். வெள்ளிக்கிழமை காலையில் டீ நேரத்துக்குக் கதிரேசனே பட்டறைக்கு வந்து என் பக்கத்தில் நின்றார்.

"ஏனுங்க பழனியாத்தா, உங்க தங்கச்சி போத்தனூருக்கு எதுக்குங்க போகுது?"

"தெரியலீங்களே."

"சுஃப்யானுன்னு ஒருத்தரு கடையில நம்ம பெட்டியோட உக்காந்திருந்துச்சாம். பாத்தவங்க சொன்னாங்க. இங்க வந்து சரக்குச் சரியில்லைங்குது, அங்க போயி சரக்கக் காட்டுது. வேற கம்பெனிக்காரங்க எதாச்சும் குடுத்து, இதத் தள்ளச் சொல்றாங்களோ என்னவோ. நான் அப்படின்னு சொல்லல, உங்க காதுல போட்டு வெக்கறேன்."

அவர் போன பிறகு எனக்குச் சுற்று எண்ணிக்கை தப்பியது. ஒரு காயிலைப் பிரித்து மறுபடி சுற்றினேன். அப்படி நான் செய்து வருஷக்கணக்காகிறது.

சாயங்காலம் பொற்கொடி முகம் கழுவப் போனபோது அவள் பையைத் திறந்தேன். உள்ளே ஒரு ஒட்டுப் பலகை. அதில் ஏழு கார் ஹெட்லைட் பல்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்சு. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும்போதே அவள் வந்து நின்றாள்.

"பணங்கட்டு எதாச்சும் இருக்குதுங்களா அக்கா? நல்லாத் தேடுங்க."

பலகையைத் திரும்பப் பையில் வைத்தேன். பிறகு, "கதிரேசன் கேட்டாருடி" என்றேன்.

"அவரு கேப்பாரு. கடையில பேசுனது என் காதுலயும் விழுந்துச்சு. நீங்க என்னையக் கேட்டிருக்கலாமுல்ல."

"கேட்டனே. சோலிங்கறே!"

"எடை பொய் சொல்லாதுன்னு சொல்லிப்போட்டீங்க. அதுக்கு மேல உங்ககிட்ட என்னத்தச் சொல்றது?"

சுஃப்யான் போத்தனூரில் காருக்கு ஒயரிங் செய்பவர். பாலிடெக்னிக்கில் இவளோடு படித்தவர். கம்ப்யூட்டர் பெட்டி தருவதும் பன்னிரண்டு வோல்ட், கார் பல்பு கேட்பதும் பன்னிரண்டு வோல்ட். ஒரு பல்பு ஐம்பத்தைந்து வாட். ஒவ்வொன்றாக எரியவிட்டால் பெட்டி எவ்வளவு சுமை தாங்குகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். அந்தப் பலகையைத்தான் இரண்டு நாள் உட்கார்ந்து செய்திருக்கிறார்கள். பெட்டியை எடுத்துப் போனது சுவிட்சையும் இணைப்பையும் பொருத்திப் பார்க்க. ஏழு பல்புக்கும் சுஃப்யான் விலை வாங்கவில்லை என்றாள். அதையும் நான் சந்தேகமாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கடைக்கு நானும் போனேன். அவள் வரச் சொல்லவில்லை. கதிரேசன் கைகட்டி நின்றார்.

"கார் பல்புக்கும் கம்ப்யூட்டருக்கும் என்னங்க சம்பந்தம்? பல்பு இழுக்கற இழுப்புல நல்ல பெட்டியே செத்துப் போனா?"

"அதனால முதல்ல நம்ம பழைய பெட்டிங்ணா. உங்களுக்கு நம்பிக்கையான ஒண்ண நீங்களே எடுத்துக் குடுங்க" என்றாள் பொற்கொடி.

அலமாரியிலிருந்து அவர் ஒன்றை எடுத்தார். அதிலும் 450 என்றுதான் இருந்தது. கம்ப்யூட்டர் இல்லாமலே பெட்டி ஓடுவதற்காக அவள் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு சிறு கம்பியால் சேர்த்தாள். விசிறி சுற்றியது. ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டாள். ஏழு பல்பும் எரிந்தன. மீட்டர் 11.9 காட்டியது. அரைமணி நேரம் எரியவிட்டாள். எல்லோருக்கும் கண் கூசியது, அந்தப் பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

"இப்பப் புதுசு. அதையும் நீங்களே எடுங்க."

கதிரேசன் மேலே இருந்ததை எடுக்கவில்லை. அடுக்கின் நடுவில் கையை விட்டு உருவினார். அவள் முன்னமே எதையாவது கெடுத்து மேலே வைத்திருப்பாள் என்ற எண்ணம் அவர் கையிலேயே தெரிந்தது. பொற்கொடியும் அதைப் பார்த்தாள்.

முதல் பல்பு, 12.0. இரண்டாவது, 11.8. மூன்றாவது, 11.5. "பதினொண்ணு புள்ளி நாலுக்குக் கீழ போகக் கூடாதுங்ணா" என்றாள். நான்காவது சுவிட்சைப் போட்டதும் 11.0. பல்புகள் மங்கின. விசிறி வழியாக வார்னிஷ் கருகும் வாசனை வந்தது. காயில் எரிவதை நான் மூக்காலேயே அறிவேன், ஒரு அடி பின்னால் போனேன். ஐந்தாவதைப் போட்டவுடன் பட்டென்று ஒரு சத்தம். எல்லாம் அணைந்தது.

கதிரேசன் பெட்டியைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார்.

"இனி சீல் எதுக்குங்க, பிரிங்க" என்றார்.

பிரித்தாள். உள்ளே பலகையில் பாதி இடம் வெறுமையாக இருந்தது, பாகங்கள் வர வேண்டிய ஓட்டைகள் மட்டும் இருந்தன. அடியில் ஓர் இரும்புப் பட்டை, கறுப்புப் பசையில் ஒட்டியிருந்தது. மின்சாரத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. கனத்துக்காக வைத்தது. தூக்கிப் பார்த்து வாங்குகிறவர்களுக்காகவே ஒருத்தன் உட்கார்ந்து யோசித்து வைத்தது.

நான் அந்தப் பட்டையைப் பெயர்த்துக் கையில் எடுத்தேன். திங்கட்கிழமை நான் சரக்கு என்று சொன்னது இதைத்தான்.

"தூக்கிப் பாத்துத்தானே வாங்குனேன்" என்றார் கதிரேசன். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். பட்டறைக்காரிக்குப் புரியும் என்று நினைத்திருப்பார். எனக்குப் புரிந்தது.

பொற்கொடி அதோடு விடவில்லை. "ஒண்ணு போனா எண்பதும் மோசம்னு ஆகாதுங்ணா. இன்னும் பத்து எடுத்துக் குடுங்க" என்றாள். சனியும் திங்களும் பத்தையும் சோதித்தாள். ஒன்பது ஐந்தாவது பல்பில் அணைந்தன. ஒன்று மட்டும் ஐந்தையும் தாங்கி ஆறாவதில் போனது. அதையும் தாளில் எழுதினாள்.

"அத எதுக்குங்க எழுதறீங்க? அவங்க வாய்க்கு நாமளே அவல் குடுக்கற மாதிரி" என்றார் கதிரேசன்.

"நடந்ததுங்ணா."

பெட்டிகளைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சென்னை விற்பனையாளர் எளிதில் ஒத்துக்கொள்ளவில்லை. பெட்டிகள் நல்ல நிலையில் வந்தன என்று கதிரேசன் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார். அவர் கையெழுத்து இனி செல்லாது, சோதித்தவர் யாரோ அவர் பெயரும் படிப்பும் கையெழுத்தும் வேண்டும், பொய் என்றால் அவர்மேல் நடவடிக்கை எடுப்போம் என்று திங்கள் சாயங்காலமே மின்னஞ்சலில் எழுதினார்கள். அதுவரை அந்தக் கடையிலிருந்து போன எந்தச் சோதனைத் தாளிலும் பொற்கொடியின் பெயர் இருந்ததில்லை. எல்லாவற்றிலும் கதிரேசன் பெயர்தான்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவர் எங்கள் வீட்டு வாசலுக்கே தாளோடு வந்தார்.

"போத்தனூர் விசயத்துல நான் பேசுனது தப்புங்க அம்மணி" என்றார் முதலில். பிறகு, "கையெழுத்துப் போடறதும் போடாததும் உங்க இஷ்டம். போடலைன்னா எண்பதும் என் தலையில. அதுக்காக உங்கள வேலையவுட்டு நிறுத்த மாட்டேன்" என்றார்.

நான் அவளை உள்ளே கூப்பிட்டேன். எனக்கு அவர் பேச்சில் இன்னும் நம்பிக்கை வரவில்லை.

"போடாத கண்ணு. இத்தன நாளா அவரு பேரு இருந்த எடத்துல இப்ப எதுக்கு உன் பேரு? நாளைக்கு வம்பு வந்தா உன்னையத்தான் தேடி வருவாங்க."

"வரட்டுமுங்கக்கா. வந்தா பல்பப் போட்டுக் காட்டறேன்."

"பெரிய எடத்து வெவகாரம்டி."

"நான் போடலைன்னா இது மோசம்னு எழுத்துலயே இருக்காது, சென்னைக்காரங்க இதே பெட்டிய வேற ஊர்ல வேற ஆருக்காச்சும் வித்துருவாங்க. அங்க எடுத்துத் தூக்கிப் பாத்துப்போட்டு நல்லாத்தான் இருக்குதும்பாங்க."

அது எனக்காகச் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் நான் விலகி அவளுக்கு வழிவிட்டேன்.

அவள் வெளியே போய்த் தாளை வாங்கினாள். முழுவதையும் முதலிலிருந்து படித்தாள். ஓர் இடத்தில் 11.5 என்பது 11.6 என்று அச்சாகியிருந்தது, அதை அடித்துத் திருத்தினாள். கதிரேசன் பேனாவை நீட்டியபடி காத்திருந்தார். திருத்திய எண்ணை இன்னொரு தடவை தன் குறிப்போடு ஒப்பிட்டாள். பிறகு, சோதித்தவர் என்ற சொல்லுக்கு எதிரே, எங்கள் அப்பா அங்கப்பனின் முதல் எழுத்தோடு அ. பொற்கொடி என்று கையெழுத்திட்டாள். தேதி 2024 ஜூலை 9.