நைனாவின் வெள்ளைச் சட்டை

என் கணவர் இறந்தபின் வந்த முதல் ஈஸ்டர் அது. நைனா எங்கே என்று கேட்கும் நான்கு வயது மகனிடம், "தூங்குறாருடா" என்றே சொல்லி வைத்திருந்தேன்.

பூசை முடிந்து வீட்டுக்கு வந்து, சின்னவளுக்குச் சோறு ஊட்டித் திரும்பினால் அவனைக் காணோம். ஏரிக்கரையெல்லாம் கத்திக்கொண்டே ஓடினேன். தண்ணீரைப் பார்க்கவே பயமாக இருந்தது. கடைசியில், கல்லறைத் தோட்டத்தில் அவருடைய குழிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மடியில் அவர் வெள்ளைச் சட்டை.

"இங்க இன்னாடா பண்றே?"

"ஏசு எழுந்துட்டாருன்னு ஃபாதர் சொன்னாரில்ல? நைனாவும் எழுந்துப்பாரு. மண்ணுல படுத்து அவர் சட்டை அழுக்காயிருக்கும்மா."

கட்டிக்கொண்டு அங்கேயே சொன்னேன், "நைனா செத்துட்டாருடா. இனிமே வூட்டுக்கு வரமாட்டாரு." இருவரும் அழுதோம்.

இப்போது அவன் எது கேட்டாலும் உள்ளதையே சொல்கிறேன். பண்டிகையென்றால் பிள்ளைகளோடு முதலில் அங்கேதான் போகிறேன். பெரியவனானதும் அந்தச் சட்டையை அவனே போட்டுக்கொள்வானாம்.