சார்ஜ் ஏறும் நாற்பது நிமிடம்

என் மகளும் நானும் மனம்விட்டுப் பேசிக்கொண்டது மொத்தமும் இங்கிலாந்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் கார் நிறுத்துமிடத்தில்தான். வாரத்துக்கு நாற்பது நிமிடம். அதுவும் அவளுடைய கரண்டுக் கார் சார்ஜ் ஏறுகிற நேரத்தில். சார்ஜ் ஏறி முடிந்தால் பேச்சும் முடிந்தது.

நான் முப்பத்திரண்டு வருடம் மின்சார வேலை பார்த்தவன். மண்டபம், உச்சிப்புளி, தேவிபட்டினம் என்று கடலோர லைன்களிலேயே காலம் போனது. உப்புக் காற்று பட்டுப் பட்டுக் கம்பத்து இன்சுலேட்டர் எல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும். அதைத் துடைத்துத் துடைத்தே என் கைரேகை அழிந்துவிட்டது என்று என் மனைவி கேலி செய்வாள். ஓய்வு பெற்றதும் உத்தரகோசமங்கைப் பக்கம் சொந்த ஊருக்கே வந்து, கொஞ்சம் மிளகாய்க் கொல்லை, ஒரு வீடு என்று இருந்தோம். இரண்டு வருடத்துக்கு முன் அவள் போய்ச் சேர்ந்தாள். ஒரே மகள், இங்கிலாந்தில் நர்ஸ். "தனியா அங்கன கெடந்து என்ன பண்றீக, மூணு மாசம் வந்து இருந்துட்டுப் போங்க" என்று அவளே டிக்கெட் எடுத்து அனுப்பினாள். போன ஐப்பசிக் கடைசியில் விமானம் ஏறினேன்.

அவள் வைத்திருந்தது ஏற்கெனவே ஒருத்தர் ஓட்டிவிட்டு விற்ற கார். அதைப் பார்த்ததும் என் புத்தி வேறு எங்கே போகும்? "எங்கன சார்ஜ் போடுவ?" என்றுதான் முதலில் கேட்டேன். வீட்டில் போட வழியில்லை என்றாள். ஒட்டி ஒட்டி வரிசையாகக் கட்டிய வீடுகள். வாசற்படி இறங்கினால் நடைபாதை, அதற்கு அந்தப் பக்கம் ரோட்டில் கார். வீட்டுக்காரர் சுவரில் சார்ஜர் மாட்ட ஒப்புக்கொள்ளவில்லை. நடைபாதையின் குறுக்கே வயரை இழுத்துப் போட்டால் யாராவது தடுக்கி விழுவார்கள், புகார் போகும்.

நான் விடுவேனா? காலால் அடி அளந்து பார்த்தேன். மாடி ஜன்னல் வழியாக ஒரு பைப்பை நீட்டி, ஆள் தலைக்கு மேலே வயரைக் கொண்டுபோய் இறக்கினால் வேலை முடிந்தது என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏங்கய்யா, இங்கென்ன மொளப்பாரித் திருவிழாவா நடக்குது, ரேடியோ செட்டுக்குக் கொக்கி போடுறதுக்கு?" முப்பத்திரண்டு வருடம் ஊர் ஊராகப் போய்க் கரண்டு திருடுகிற கொக்கியைக் கழற்றி எறிந்தவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்துப் பல நாளாகியிருந்தது. நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன்.

அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் சூப்பர் மார்க்கெட் பயணம். அங்கே ஒரு ஓரமாக இரண்டு சார்ஜர்கள் நிற்கும். கட்டைவிரலைவிடப் பருத்த கேபிளை இழுத்துக் காரின் மூக்கில் செருகி, அட்டையைத் தொட்டுக் காட்டினால் கரண்டு ஏறத் தொடங்கும். இருபதில் இருந்து எண்பது சதவீதம் வர நாற்பது நிமிடம் ஆகும். எண்பதுக்கு மேல் நத்தை மாதிரி ஏறும் என்பதால், எண்பது வந்ததும் கழற்றிக்கொண்டு அடுத்தவருக்கு இடம் விடுவதுதான் அங்கே மரியாதை.

வீட்டில் எங்களுக்குள் பேச்சு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. டியூட்டி முடிந்து வருவாள். ஒரு கையில் தட்டு, ஒரு கையில் போன். "சாப்டீகளா, மாத்திர போட்டீகளா, கதவப் பூட்டிக்கங்க." அவ்வளவுதான், தூங்கப் போய்விடுவாள். லீவு நாளில் துணி துவைக்க, சாமான் வாங்க, வீட்டைக் கூட்ட என்று ஓடிக்கொண்டே இருப்பாள். காரில் மட்டும்தான் அவளுக்கு எங்கும் ஓட முடியாது. செருப்பைக் கழற்றிவிட்டுச் சீட்டிலேயே காலை மடக்கி உட்கார்ந்து, பிளாஸ்கில் இருந்து டீயை ஊற்றி என்னிடம் ஒரு கப்பைக் கொடுப்பாள். வெளியே குளிர், கண்ணாடி முழுக்க ஆவி. பேச ஆரம்பிப்பாள்.

முதல் இரண்டு மூன்று வாரம் ஆஸ்பத்திரிக் கதை. அப்புறம் ஒரு நாள், எதிர்பாராமல், "அம்மாவோட அந்தப் பச்சச் சேலைய யாருக்குய்யா குடுத்தீக?" என்றாள். அம்மா இறந்த இந்த இரண்டு வருடமாக அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவள். செய்தி கேட்டு அவள் பறந்து வந்து சேர்வதற்குள் இங்கே எல்லாம் முடிந்து பாலும் தெளித்துவிட்டோம். ஒரு ராத்திரி ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். அதற்கு மேல் வைக்கக் கூடாது என்று ஊரில் பெரியவர்கள் சொன்னார்கள். வந்தவள் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. பத்து நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போனாள். இப்போது சேலையில் தொடங்கி, வாரத்துக்குக் கொஞ்சமாகக் கேட்டாள். அம்மா கடைசியாக எந்தக் கல்யாணத்துக்குப் போனாள், மிளகாய் காயப்போடும்போது தும்மித் தும்மி என்ன திட்டுவாள், இப்படி. நான் சொல்லச் சொல்ல அவள் முகம் சின்னப்பிள்ளை முகமாகிவிடும். அறுபத்திரண்டு வயதில் ஞாயிற்றுக்கிழமைக்காக விரல் மடக்கி நாள் எண்ணினேன். பேட்டரி சீக்கிரம் இறங்க வேண்டும் என்று சாமி கும்பிட்டவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

நான் ஊர் திரும்ப வேண்டிய வாரம் வந்தது. வெள்ளிக்கிழமை விமானம். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, மீட்டர் எழுபத்தைந்தைத் தாண்டும்போது, டீக் கப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அய்யா, ஆஸ்பத்திரியில இருந்தப்ப அம்மா என்னயத் தேடுனாங்களா?"

இதற்கு நான் பதில் சொல்லும் முன், எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தொண்டியில் இருந்து கீழக்கரை வரை வீட்டுக்கு ஒருத்தராவது வெளிநாட்டில் இருப்பார்கள். வீட்டில் யாருக்கு என்ன வந்தாலும் அவர்களுக்குச் சொல்வதில்லை. "லேசாச் சளி, நல்லாத்தான் இருக்காக" என்பதோடு சரி. போன இடத்தில் பிள்ளை பதறக் கூடாது, வேலை கெடக் கூடாது. நல்ல எண்ணத்தில்தான் எல்லோரும் செய்கிறோம். நானும் அதைத்தான் செய்தேன். மூச்சுத் திணறி ராமநாதபுரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளில் இருந்து மூன்று நாள், என் மனைவி விடாமல் கேட்டாள்: "புள்ளைக்குப் போன் போடுங்க." மகளுக்கோ அங்கே வேலை நிரந்தரமாகிற நேரம். "நாளைக்குப் போடுவோம், நீ எந்திரிச்சு உக்காரு, வீட்டுக்குப் போயிப் பேசுவோம்" என்று மூன்று நாளும் தள்ளினேன். சத்தியமாக அவள் பிழைத்து வீட்டுக்கு வந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். நான்காம் நாள் விடியற்காலை போய்விட்டாள்.

இதை எப்படிச் சொல்வது? வாயைத் திறந்தேன். அதற்குள் எங்களுக்குப் பின்னால் ஒரு கார் வந்து காத்து நின்றது. எண்பது வந்துவிட்டது. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப்போய்க் கேபிளைக் கழற்றினாள். வீட்டுக்கு வந்த பிறகு அவள் பழையபடி ஓட ஆரம்பித்துவிட்டாள்.

எனக்கு இன்னும் ஒரு நாற்பது நிமிடம் வேண்டும். சமையல்கட்டில் நின்றபடி, அவள் சாவியைத் தேடிக்கொண்டிருக்கும்போது சொல்கிற விஷயமா அது? ஆனால் புதன்கிழமை பார்த்தால் கார் அறுபத்திரண்டில் நிற்கிறது. அடுத்த சார்ஜுக்குள் நான் ஊரில் இருப்பேன். அன்று மத்தியானம் அவள் நைட் டியூட்டி முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். சாவியை எடுத்துக்கொண்டு போய்க் காரில் உட்கார்ந்தேன். ஹீட்டரை முழுசாக வைத்தேன். உள்ளே சூடேறி அது தானாக அடங்கிவிடக் கூடாது என்று நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டேன். என்ன லோடு இழுக்கும், எத்தனை மணி நேரம் பிடிக்கும் என்று மனக்கணக்குப் போடுவது என் தொழில்தானே? குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தேன். நாயோடு நடந்துபோன ஒரு பெரியவர் குனிந்து என்னவோ கேட்டார். "குட், குட்" என்று சொல்லி அனுப்பினேன். இருபத்தி நாலுக்கு வந்ததும் அணைத்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டு வந்தேன். காலையில் பார்த்ததும் "வாங்கய்யா, சார்ஜ் போட்டுட்டு வருவோம்" என்பாள், அப்போது எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்பது என் திட்டம்.

ஆனால் அவளை ஆஸ்பத்திரியில் இருந்து அவசரமாகக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் எழுந்திருக்கும் முன்பே கிளம்பிப் போயிருந்தாள். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி. அந்தக் குளிரில் இருபத்தி நாலை நம்பிப் போய்த் திரும்ப முடியாது. வழியில் அதே சார்ஜரில் அவள் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்துவிட்டு, நேரம் கழித்துப் போய்ப் பேச்சு வாங்கியிருக்கிறாள். சாயங்காலம் வந்ததும், "கார்ல ஏதோ கோளாறு, சர்வீசுக்கு விடணும்" என்றாள். கோளாறு காரில் இல்லை, என்னிடம் என்று ஒப்புக்கொண்டேன். ஹீட்டர் போட்டு உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன். ஏன் என்று மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

அவள் என்னையே பார்த்தாள். "குளுருச்சுன்னா வீட்டுல ஹீட்டரப் போட வேண்டியதுதானய்யா? கரண்டு பில்லு ஏறிரும்னு பயந்துக்கிட்டா கார்ல போயி உக்காந்திருந்தீக? நா என்ன அவ்வளவு கருமியாவா வச்சிருக்கேன் ஒங்கள?" என்று சொல்லி அழுதுவிட்டாள். மறுநாள் விமான நிலையம் போகும்வரை எனக்குப் போர்வையாகப் போர்த்திக்கொண்டே இருந்தாள். சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே விமானம் ஏறினேன். அப்படி ஒரு வெட்கக்கேடு என் வாழ்க்கையில் வேறு இல்லை.

ஊருக்கு வந்த மறுநாளே ஞாயிற்றுக்கிழமை. வீடு அப்படியேதான் இருந்தது. எனக்குத்தான் அதில் உட்கார இடம் இல்லாத மாதிரி இருந்தது. சாயங்காலம் ஐந்தரைக்கு வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே மத்தியானம். காருக்குள் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். பக்கத்துச் சீட்டில் யாரும் இல்லை.

"சார்ஜ் எத்தனையில ஆத்தா இருக்கு?" என்றேன்.

"இப்பத்தான் போட்டேன். இருவத்தொண்ணு."

நேரம் இருந்தது. சொன்னேன். அம்மா தேடினாள் என்று சொன்னேன். மூன்று நாளும் கேட்டாள், நான்தான் போன் போடவில்லை, அம்மா மேல் தப்பில்லை, ஆஸ்பத்திரி மேல் தப்பில்லை, நான்தான் என்று சொன்னேன். ஹீட்டர் போட்டது எதற்கு என்பதையும் சொன்னேன்.

அவள் போனைச் சீட்டில் கவிழ்த்து வைத்துவிட்டாள். திரை இருட்டாகிவிட்டது. அவள் அழுவது மட்டும் கேட்டது. கட் பண்ணிவிடுவாள் என்று நினைத்தேன். பண்ணவில்லை. நானும் பண்ணவில்லை. பிறகு போனை எடுத்தாள். மூக்கெல்லாம் சிவந்திருந்தது.

"எதுக்குத் தேடுனாங்க? எங்கிட்ட என்ன சொல்லணும்னாங்க?"

"பெருசா ஒண்ணுமில்லத்தா. அந்த வாரந்தானே நீ கார் வாங்கியிருக்கேன்னு சொன்ன. நீ ஓட்டுறத ஒரு தடவ போன்ல பாக்கணும்னா."

அவள் போனைச் சீட்டில் வைத்தாள். இறங்கிப்போனாள். கேபிளைக் கழற்றிச் சார்ஜரில் திரும்ப மாட்டுகிற சத்தம் கேட்டது. நாற்பது சதவீதம்கூட ஏறியிருக்காது. திரும்பி வந்து, போனை முன்னால் உள்ள ஸ்டாண்டில் நிறுத்தினாள். பெல்ட்டை மாட்டினாள். அந்தக் கார் கிளம்பும்போது சத்தமே வராது; அவளுக்குப் பின்னால் ஜன்னலில் மரமும் கடையும் நகர ஆரம்பித்ததை வைத்துத்தான் கிளம்பிவிட்டது என்று தெரிந்தது. அந்த நிறுத்துமிடத்துக்குள்ளேயே சுற்றினாள். ஒரு தடவைகூட என்னைப் பார்க்கவில்லை. எதிரே மட்டும் பார்த்து, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, லைசென்ஸ் எடுக்க ஓட்டிக் காட்டுகிறவள் மாதிரி ஓட்டினாள்.

இரண்டாவது சுற்றில் கேட்டாள். "அம்மா பாத்திருந்தா என்னய்யா சொல்லியிருப்பாங்க?"

"'மெதுவாப் போத்தா'ன்னு கத்தியிருப்பா," என்றேன்.

அவள் வேகத்தைக் குறைத்தாள்.