மலையில் சாப்பிட முடியாத மாத்திரை

அந்த மாத்திரையைத் தேயிலைத் தோட்டத்தில் எல்லோரும் தண்ணி மாத்திரை என்றுதான் சொல்வோம். உடம்பில் தேங்கும் நீரைச் சிறுநீராக இறக்கிவிடும். கடைசிப் பிள்ளை பிறந்த பிறகு எனக்கு மூச்சு வாங்கியது, கால் வீங்கியது. எழுபதுகளின் கடைசி அது. டவுன் ஆஸ்பத்திரியில் இருதயம் பலவீனம் என்று சொல்லி, காலையில் ஒன்று சாப்பிடு என்று கொடுத்தார்கள்.

காலையில் எப்படிச் சாப்பிடுவது? விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு மலை ஏறினால் வேலை முடிந்து இறங்க மத்தியானம் தாண்டிவிடும். தேயிலைச் செடியையோ இடுப்புக்கு மேல் வளர விடமாட்டார்கள். எதிர் மலையில் மருந்தடிக்கும் ஆண்கள், செடி வரிசையின் முனையில் வேலையை மேற்பார்க்கும் கங்காணி. ஒதுங்க ஒரு மறைவு கிடையாது. முதல் நாள் சாப்பிட்டுவிட்டுப் போய் நான் பட்ட பாட்டை எழுதவே கூசுகிறது. அப்புறம் வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாப்பிட்டேன்.

வீக்கம் எப்படி வடியும்? அடுத்த தடவை டாக்டர் என் காலை அமுக்கினார். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று மலாய் மொழியில் கேட்டார். தலையை ஆட்டினேன். அப்படியானால் அளவு போதவில்லை என்று இரண்டு மடங்காக எழுதினார். இதற்கும் வடியாவிட்டால் ஈப்போ நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும் என்றார். பால் மறக்காத பிள்ளையை, வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு வந்திருந்தேன்.

மருந்து கொடுக்கும் ஜன்னல் முன் நீள வரிசை. என்னால் நிற்க முடியவில்லை. சீட்டைச் சுருட்டுகிறேன், விரிக்கிறேன். வெளியே எங்களை ஏற்றி வந்த தோட்டத்து லோரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். கூட வந்த என் நாத்தனாருக்கோ ஊர்ப்பட்ட வாய்.

"ஏன் அண்ணி, கோழி மாதிரி காலை மாத்தி மாத்தி வைக்கிறீங்க? சும்மா நில்லுங்கலா."

மருந்து கொடுப்பவர் தமிழர்தான். சீட்டைப் பார்த்தார், எட்டி என் காலையும் பார்த்தார்.

"ரெண்டு மடங்கா எழுதியிருக்காங்களே. அக்கா, போன தடவை கொடுத்த மாத்திரையெல்லாம் தீந்துடுச்சா?"

"தீந்துடுச்சுங்க," என்றாள் நாத்தனார்.

"உங்களைக் கேக்கலம்மா."

"அவங்க வாயில கொழுக்கட்டைங்க. நான்தான் பேசணும்."

பின்னால் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "அக்கா, இதைச் சாப்பிட்டா கொஞ்ச நேரத்துக்குச் சும்மா உக்கார விடாது. உங்களுக்கு அப்படிப் போகுதா?"

ஆண்பிள்ளை கேட்கிறார், அதுவும் அத்தனை பேர் முன்னால். ஓடிவிடலாமா என்றிருந்தது. லோரி மறுபடி கத்தியது. தலையாட்டிவிட்டு மருந்தை வாங்கிக்கொண்டு போனால் முடிந்தது. ஆனால் பிள்ளையை விட்டுவிட்டு ஈப்போவில் யார் படுப்பது? ஜன்னல் கட்டையைப் பார்த்தபடியே சொன்னேன்:

"மலையில எங்கங்க ஒதுங்குறது?"

வரிசையில் பின்னாலிருந்த கிழவி ஒருத்தி, "அப்படிக் கேளு! நானும் அதான் சாப்பிடுறதில்ல," என்றாள். "நானுந்தான்," என்றது இன்னொரு குரல்.

அவர் சீட்டோடு டாக்டர் அறைக்குள் போனார். லோரி உறுமத் தொடங்கியது. நாத்தனார் வாசலுக்கு ஓடினாள்.

"டேய், கிளப்பிப் பாரு, டயர்ல காத்தப் புடுங்கிடுவேன்!"

நான் ஜன்னலுக்கும் வாசலுக்குமாக அல்லாடினேன். திரும்பி வந்தவர் சொன்னார்:

"டாக்டர்கிட்ட பேசிட்டேன். பழைய அளவே போதும். வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் சாப்பிடுங்க, படுக்குறதுக்குள்ள அடங்கிடும். ஆனா ஒரு நாளும் விடக்கூடாது." பிறகு வரிசையைப் பார்த்து, "பெரியம்மா, நீங்களும் முன்னால வாங்க," என்றார்.

அடுத்த தடவை டாக்டர் அமுக்கியபோது குழி விழவில்லை. ஈப்போ பேச்சும் எழவில்லை. அந்த ஜன்னல் பக்கம் போகத்தான் எனக்கு வெட்கம். மருந்து வாங்க நாத்தனாரை அனுப்பிவிடுவேன். அவர் அக்கறையாக ஏதாவது கேட்டு அனுப்புவார். அவள் எங்கள் லயத்து வீடுகளின் பொதுக் குழாயடியில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி கூவுவாள்:

"அண்ணி, ஒழுங்கா ஒதுங்குறீங்களான்னு கேக்குறாருலா!"