பூசையில்லாத அடக்கமும் பசித்த தெருவும்

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அஞ்சாவதோடு நின்றவள் நான். இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது, எது முன்னே எது பின்னே என்று குழம்புகிறது.

என் வீட்டுக்காரர் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழக்கிழமை சாயங்காலம் இறந்துபோனார். ஸ்ரீரங்கத்தில், நாங்கள் வாடகைக்கு இருக்கிற வீட்டில். மாதா கோயில் வேலைக்கு நடுவிலும் ஃபாதர் ஓடி வந்து ஜெபம் சொன்னார். போகும்போது, "இந்த மூணு நாளும் அடக்கப் பூசை கிடையாதும்மா, மணியும் அடிக்க மாட்டோம். நாளைக்குக் காலையில ஜெபம் சொல்லி அடக்கம் பண்ணிடலாம். பூசையை அடுத்த வாரம் அவருக்காக வெச்சுக்கலாம்" என்றார்.

எனக்கு அது போதும் என்று இருந்தது. பங்குனி வெயிலிலும் ஃபேனை நிறுத்திவிட்டுப் போர்த்திக்கொள்கிற மனுஷனை ஐஸ் பெட்டிக்குள் பார்க்க முடியவில்லை. சீக்கிரம் மண்ணுக்குள் போய்ச் சேர்ந்தால் தேவலை என்று நினைத்தேன்.

ஆனால் கைலாசபுரத்திலிருந்து மூத்தார் வந்துவிட்டார். என் வீட்டுக்காரருக்கு அண்ணன். ஃபாக்டரியிலிருந்து ரிட்டயர் ஆகி வெகுகாலம் ஆனாலும் இன்னும் ஆட்களுக்கு ஷிப்ட் போடுகிற குரல்தான்.

"பூசை இல்லாமலா? மணி அடிக்காமலா? என் தம்பி என்ன சபையை விட்டுத் தள்ளிவெச்ச ஆளா? ஊரு என்னா சொல்லும்? திங்கக்கிழமை வரைக்கும் பெட்டியிலயே இருக்கட்டும். மூணு ஃபாதர், பாட்டுக் கோஷ்டி, பேண்டு, எல்லாம் வெச்சு எடுப்போம்!"

தம்பி உயிரோடு இருந்தபோது கிறிஸ்துமஸ் பூசைக்குக்கூட சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் நின்றுவிட்டு வருவார். அவருக்கு மூன்று ஃபாதர்!

பிஷப்பையே தெரியும் என்று போனை எடுத்தார் மூத்தார். விசாரித்துப் பார்த்தால் அவருக்குத் தெரிந்தது பிஷப் காருக்கு டயர் மாற்றுகிறவரைத்தான். அவரும் போனை எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் வீட்டுச் சொந்தக்கார மாமி வாசலில் வந்து நின்றார்.

"எப்போ எடுக்கறேள்?"

"திங்கக்கிழமைங்க" என்றார் மூத்தார், பந்தல்காரரிடம் சொல்வதுபோல.

"திங்களா! நேத்து சாயங்காலத்துலேர்ந்து இந்தத் தெருவுல ஒருத்தர் ஆத்துலயும் அடுப்பு மூட்டலை. எடுக்கற வரைக்கும் நாங்க சாப்பிடப்படாது. எங்காத்து மாமாவுக்கு சுகர் வேற. திங்கள்னா இன்னும் ரெண்டு பேரைச் சேர்த்து எடுக்க வேண்டியிருக்கும்."

அன்று பெரிய வெள்ளி, ஆண்டவர் சிலுவையில் இறந்த நாள். ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருக்க வேண்டியவர்கள் நாங்கள். எங்கள் சொந்தக்காரர்களோ பக்கத்துத் தெரு ஓட்டலில் பொங்கல், வடை முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து அழுதார்கள். அந்தத் தெருக்காரர்கள்தான் எங்களுக்கும் சேர்த்து ஒருசந்தி இருந்தார்கள்.

"அதெல்லாம் அவங்க வழக்கம். நமக்குப் பூசைதான் முக்கியம்" என்றார் மூத்தார்.

மூத்தார் எதிரில் நான் பேசினதே இல்லை. அன்றைக்கும் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு மகனைத்தான் கூப்பிட்டேன். ஆனால் குரல் கூடத்துக்கே கேட்டுவிட்டது.

"பெரியப்பாகிட்ட சொல்லுப்பா. ஆண்டவரையே இன்னிக்குப் பூசையில்லாமத்தான் அடக்கம் பண்ணுனாங்க. உங்கப்பாவுக்கு அது போதும். இப்பவே எடுக்கணும்."

"அட, இவங்களுக்குப் பேச வருமா!" என்றார் என் நாத்தனார், ஒப்பாரியை நிறுத்தி.

மகன் ஃபாதருக்குப் போன் போட்டான். மத்தியானத்துக்குள் காவிரிப் பாலம் தாண்டிக் கொண்டுபோனோம். மணி இல்லை, பேண்டு இல்லை. ஃபாதர் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். மண் போட்டோம். கல்லறையில் மூத்தார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்: "பெரிய வெள்ளியில அடக்கம் எல்லாருக்கும் கிடைச்சிருமா? ஆண்டவருக்கே அன்னிக்குப் பூசை இல்ல. நான்தான் ஃபாதர்கிட்ட அடிச்சுச் சொல்லி வாங்குனேன்."

திரும்பி வந்து தெருமுனையில் இறங்கினால், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீட்டுக்கு வீடு குக்கர் விசில். மாமா சாப்பிட்டிருப்பார் என்று நினைத்தேன். அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளிலும் அடக்கப் பூசை கூடாது என்று ஃபாதர் சொன்ன ஞாபகம். எல்லா ஞாயிறுமா, ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலம் மாதிரி சில காலத்து ஞாயிறு மட்டுமா என்று மறந்துவிட்டது. விவரம் தெரிந்த யாராவது உங்கள் பங்கு ஃபாதரிடம் கேட்டு, நான் தப்பாக எழுதியிருந்தால் திருத்திவிடுங்கள்.