செல்லம்மை என்ற வள்ளம்

விண்வெளிக்கு ஒரு கலம் போன செய்தியைப் பேத்தி செய்தித்தாளிலிருந்து படித்துக் காட்டினாள். அரசாங்கத் திட்டத்துக்கு ஒரு பெயர், மேலே போன கலத்துக்கு வேறொரு பெயர். "ஒரே பெயர் போதாதா பாட்டி?" என்று கேட்டாள். போதாது. அதை நான் திருவட்டாற்றுக்குப் பக்கத்தில் ஆற்றைக் கடக்கும் ஒரு கடவுத்துறையில் சண்டை போட்டே தெரிந்துகொண்டேன்.

ஊர் அப்போது திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. எனக்குக் கல்யாணமான புதிது. ஆற்றுக்கு அக்கரையிலிருந்த ஆரம்பப் பள்ளியில் டீச்சர் வேலை கிடைத்தது. பாலத்தைச் சுற்றிப் போனால் காலைப்பொழுது நடையிலேயே போய்விடும். கடவில் ஆளேற்றி அக்கரை சேர்க்கும் வள்ளம் ஓடியதால்தான் மாமியார் சம்மதித்தார். அதுவும் அரைமனதாக.

அந்த வள்ளம் ஏதோ ஒரு கிராம வளர்ச்சித் திட்டத்தில் அரசாங்கம் செய்து கொடுத்தது. திட்டத்தின் நீளமான பெயரை இரண்டு பக்கமும் மலையாள எழுத்தில் எழுதியிருந்தார்கள். எங்கள் கடவில் புது வள்ளம் இறங்கினால் தேங்காய் உடைத்து, அதற்கென்று ஒரு பெண்பெயர் வைப்பது வழக்கம். இதற்கு மட்டும் வைக்கவில்லை. சர்க்கார் சொத்துக்கு நாம் பெயர் வைக்கலாமா என்று பெரியவர்கள் பயந்துவிட்டார்கள். ஆகவே வள்ளத்தையும் 'திட்டம்' என்றே கூப்பிட்டோம். திட்டம் அக்கரையில் நிற்கிறது, திட்டத்தில் ஆட்டை ஏற்றாதே, இப்படி. எனக்கு அது தொடக்கத்திலிருந்தே பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளையை ஆஸ்பத்திரி என்றா கூப்பிடுவோம்?

அடுத்த மழைக்காலத்தில், திட்டத்தை மூடிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. மூடியது அதன் ஆபீசைத்தான். எங்கள் ஆட்களோ வள்ளத்தையே முடித்துவிட்டார்கள். வள்ளக்காரருக்குச் சர்க்கார் சம்பளம் கிடையாது. அறுப்புக்கு ஊரார் அளக்கும் நெல்தான் கூலி. இருந்தும் அவர் வள்ளம் தள்ளும் மூங்கில் கழியை வீட்டுக் கூரையில் செருகிவிட்டு, "திட்டம் முடிஞ்சாச்சு" என்று உட்கார்ந்துகொண்டார். ஒரு பொட்டு ஓட்டை இல்லாத வள்ளம் கரையில் கட்டிக் கிடக்க, ஊரே பாலத்தைச் சுற்றி நடந்தது.

மாமியாருக்கு நல்ல சாக்காகப் போயிற்று. "இனி வேலைக்குப் போவாண்டாம் மக்களே. வீட்டுல இரி."

"நான் போவேன் அத்தை."

போனேன். தொப்பலாக நனைந்து, நேரம் தப்பிப் போய்ச் சேர்ந்தேன். இப்படியே வந்தால் வேறு ஆளைப் போட வேண்டிவரும் என்று தலைமை ஆசிரியர் சொல்லிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திட்டத்தின் மேலும் இல்லை, மழையின் மேலும் இல்லை, கூரையில் செருகிய அந்தக் கழியின் மேல்.

ஞாயிற்றுக்கிழமை தாரும் வெள்ளைப் பெயிண்டும் வாங்கிக்கொண்டு கடவுக்குப் போனேன். மலையாள எழுத்தெல்லாம் மறையத் தார் பூசி, காய்ந்த பிறகு தமிழில் 'செல்லம்மை' என்று எழுதினேன். சமையற்கட்டிலிருந்து எடுத்துப் போன தேங்காயை நானே உடைத்தேன். வேடிக்கை பார்க்க ஊர் கூடிவிட்டது. மாமியாரும் நின்றார்.

"சர்க்காருக்க திட்டமே முடிஞ்சாச்சு, இனி இதுக்குப் பேரு என்னத்துக்கு?" என்றார் ஒருவர்.

"திட்டம் இவளுக்குப் பொறந்த வீடு," என்றேன். "பொறந்த வீட்டைப் பூட்டிட்டா, கெட்டிக் குடுத்த பொண்ணு நம்ம வீட்டுல இல்லாம ஆயிருவாளா? இவ செல்லம்மை. நம்ம கடவுக்கு வந்தவ."

வள்ளக்காரர் தேங்காயையும் பெயரையும் மாறி மாறிப் பார்த்தார். தேங்காய் உடைத்துப் பெயர் வைத்த வள்ளத்தை அவர் சும்மா போட்டதே இல்லை. வீட்டுக்குப் போய்க் கழியை எடுத்து வந்தார். மறுநாள் நான் நேரத்துக்குப் பள்ளிக்கூடம் போனேன். மாமியார் மட்டும் என்னோடு பேசவில்லை.

சில வாரம் கழித்து, திட்டத்தின் சாமான்களைத் திரும்ப எடுக்க ஓர் அதிகாரி லாரியோடு வந்தார். நான் வகுப்பில் இருந்தேன். "டீச்சர், செல்லம்மைய கொண்டு போவப் போறாவ," என்று பிள்ளைகள் கத்தியதும் கரைக்கு ஓடினேன். எதிரே ஊர்ப்பக்கக் கரையில் அதிகாரி கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். வள்ளத்துக்குள் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீரைக் கண்டாலே நடுங்குகிற, அன்றுவரை வள்ளத்தில் கால் வைக்காத என் மாமியார். மடியில் தூக்குவாளி.

அங்கே பேசியதை வள்ளக்காரர் பிற்பாடு சொன்னார். "இது திட்டத்தின்றெ வள்ளமல்லே?" என்று அதிகாரி கேட்டிருக்கிறார்.

"திட்டம் முடிஞ்சாச்சுல்லா சாரே. இது செல்லம்மை. எனக்க மருமவளுக்குச் சோறு கொண்டு போறா. நீங்க கேறுதியளா, வழிய விடுதியளா?"

அதிகாரி ஏறினார். அக்கரை வந்து பள்ளிக்கூடத்தைப் பார்த்தார், கரையில் நின்ற பிள்ளைகளைப் பார்த்தார், அதே வள்ளத்தில் ஊர்ப்பக்கம் திரும்பி, அதைக் கடவிலேயே விட்டுவிட்டு லாரியோடு போய்விட்டார்.

மாமியார் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். தூக்குவாளியை என்னிடம் நீட்டி, "ஏட்டி, பள்ளிக்கூடம் விட்டதும் நேரத்தோட வா. செல்லம்மை காத்துக் கெடப்பா," என்றார். வேலையை விடு என்று அதற்குப் பிறகு அவர் சொல்லவே இல்லை.