உச்சி வெயிலில் வால்திஸ் போட்ட நிழல்

வால்திஸ் தன்னை ஓவியன் என்று சொல்லிக்கொள்வான். துபாயில் அப்போது எதற்கும் வரி கிடையாது, இதற்கும் கிடையாது.

பிறந்தது லாத்வியாவில், லியபாயா என்கிற துறைமுக ஊரில். அங்கே குளிர்காலத்துச் சூரியன் வேண்டாத விருந்தாளி மாதிரி. மத்தியானத்தில்கூட வாசலோரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். சோவியத் காலத்தில் தொழிற்சாலைச் சுவர்களில் தலைவர்களின் மீசைக்கு வண்ணம் பூசினான். சோவியத் உடைந்ததும் மீசைகளுக்கு மவுசு போயிற்று. அயர்லாந்துக்குப் போய்க் காளான் பறித்தான். முதுகு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். 2002 ஜூலையில் ஒரு பெட்டித் தூரிகையோடும் கம்பளிக் கோட்டோடும் துபாயில் வந்து இறங்கினான். ஜூலையில் கம்பளிக் கோட்டோடு துபாயில் இறங்குகிறவனைப் பற்றி மேற்கொண்டு என்ன சொல்ல?

பர் துபாயில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்த கீழக்கரை செய்கு அலாவுதீன்தான் அவனுக்குக் கடையின் பின்பக்கத்தில் கட்டில் போட்டுக் கொடுத்தார். ஓட்டல் அறைகளுக்கு அவன் குதிரை வரைவான், இவர் சட்டம் போட்டு விற்பார். ஒரே குதிரையைத்தான் எல்லா அறைக்கும் வரைந்தான். எல்லா அறையிலும் அது இருமல் வந்த குதிரை மாதிரியே நின்றது. இருவரும் பேசிக்கொண்டது பாதி இந்தி, மீதி கீழக்கரைத் தமிழ்.

2006-இல் அவனுக்கு விசா கொடுத்திருந்த விளம்பரக் கம்பெனி இழுத்து மூடிக்கொண்டது. வேறு யாராவது விசா தராவிட்டால் லியபாயாவுக்குத்தான் போக வேண்டும். அங்கே வீடு இல்லை. மனைவி ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கொண்டு போயிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துப் புது ஓட்டல் ஒன்றின் வரவேற்புக் கூடத்துக்குச் சுவர் நீளத்தில் ஒட்டகக் கூட்டம் வேண்டும் என்றார்கள். படம் பிடித்திருந்தால் விசாவும் உண்டு என்றான் மேனேஜர்.

வால்திஸ் வரைந்தான். உச்சியில் சூரியன். கீழே ஒட்டகங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பாய் விரித்தாற்போல நீண்ட நீல நிழல்.

ஓட்டல் முதலாளியான அரபியின் கிழட்டு வாப்பா கைத்தடியோடு பார்க்க வந்தார். பம்பாயில் வியாபாரம் செய்த காலத்து இந்தியில் கேட்டார்.

"சூரியன் தலைக்கு மேலே நிக்குது. நிழல் ஏன் இவ்வளவு நீளம்? இந்த ஒட்டகம் எந்த நாட்டுலேருந்து வருது?"

மேனேஜர் சிரித்தான். முதலாளி வீட்டார் கேலி செய்தால் சிரிப்பதும் அவன் டூட்டிதான். இரண்டு நாளில் திருத்தாவிட்டால் சீனாவிலிருந்து அச்சடித்த படம் வந்துவிடும் என்றும் சொல்லிவிட்டான்.

வால்திஸின் கை, சூரியன் தாழ்ந்தே கிடக்கும் லியபாயாவின் மத்தியானத்து நிழலையே வரைந்திருந்தது. துபாய் மத்தியானத்தை அவன் எங்கே பார்த்தான்? அந்த நேரத்தில் ஏசிக்கடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

"நிழலை வெட்டிரு. அரை மணி வேலை" என்றார் அலாவுதீன்.

"மாட்டேன், பாய்."

"ஏன்யா?"

"அது மட்டும்தான் நல்லா வந்திருக்கு."

அலாவுதீன் கிட்டே போய்ப் பார்த்தார். ஒட்டகங்கள் அரிசி மூட்டை மாதிரிதான் இருந்தன. நிழல்கள் அப்படி இல்லை. கேலி செய்ய வாய் வரவில்லை என்பதில் அவருக்கே கோபம் வந்தது.

"அப்போ என்ன, உன் நிழலுக்காகச் சூரியனை எறக்கவா முடியும்?"

வால்திஸ் அவரை ஒருமுறை பார்த்தான். ஏணியில் ஏறிச் சூரியனைச் சுரண்ட ஆரம்பித்தான். கிறுக்கன் என்று திட்டிக்கொண்டே அலாவுதீன் இரண்டு நாளும் ஏணியைப் பிடித்தார். வானம் மொத்தமும் சாயங்காலமாயிற்று.

கிழவர் மறுபடி வந்து நின்றார்.

"அஸர் தொழுகை நேரம். இப்போ சரி. வீட்டுக்குப் போகுதுங்க."

விசா கிடைத்தது. ஆனால் ஓட்டலின் விசாக் கணக்கில் மிச்சமிருந்தது ஒரே ஒரு இடம்தான், லாண்டரியில் இஸ்திரி போடுகிறவன். பாஸ்போர்ட்டிலும் அப்படித்தான் குத்துவார்கள்.

"நான் ஓவியன்" என்றான் வால்திஸ்.

"நான் விசாவுல டைலரு" என்றார் அலாவுதீன். "வந்த நாளா ஊசியில நூல் கோக்கத் தெரியாது. என் ரூம்ல ஒருத்தன் டிராக்டர் டிரைவரு, சைக்கிள்ல ஏறுனா விழுவான். பேசாம கையெழுத்துப் போடு."

"ஊர்ல தெரிஞ்சா சிரிப்பாங்க, பாய்."

"ஊர்ல யார் இருக்கா உனக்குச் சிரிக்க?"

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாதென்று அலாவுதீனுக்குப் பட்டது. வால்திஸ் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினான். பிறகு கையெழுத்துப் போட்டான்.

விசா மெடிக்கலுக்கு நின்ற வரிசையில், முன்னால் நின்ற பரமக்குடிப் பையன் அலாவுதீனிடம் விசாரித்தான்.

"வெள்ளைக்காரரு என்ன வேலைக்கு, பாய்?"

"லாண்டரி."

"நானும் லாண்டரிதான். ஸ்டீம் பிரஸ்ஸா, சாதாவா?"

"எதுவும் வராது. வானத்தை வேணா தேய்ச்சுத் தருவாரு."

எக்ஸ்ரே அறையிலிருந்து பெயரைக் கூப்பிட்டார்கள். வால்திஸ் சட்டையைக் கழற்றி அலாவுதீன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனான். அதில் கசங்காத இடம் என்று ஒரு விரற்கடை இல்லை. இஸ்திரிக்காரன் போடுகிற சட்டையா இது, எவனாவது பார்த்தால் என்ன நினைப்பான் என்று முனகியபடி அலாவுதீன் பெஞ்சில் உட்கார்ந்து அதை மடியில் விரித்து, உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து மடிக்கத் தொடங்கினார்.