வடக்கே போகிற மணல்

நான் இருக்கும் நெதர்லாந்துக் கடற்கரை ஊருக்கு மணல் கப்பலில் வருகிறது. நம்மூரில் இருக்கிற நீங்கள் சிரிப்பீர்கள். கடலடியில் உறிஞ்சிய மணலைக் கப்பல் பெரிய குழாய் வழியே கரையில் கக்கும். சில வருடங்களில் அலை அதைத் தின்றுவிடும். மறுபடி கொண்டுவந்து கொட்டுவார்கள். மகளோடு இருக்க இங்கே வந்த பிறகு இது மூன்றாவது முறை. நேற்று வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றபோது பக்கத்து வீட்டு பீட்டர் வந்தார். "இந்த மணல் கரைந்தால் யாருக்கு நஷ்டம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். எனக்கு வீட்டைப் பற்றிப் பயம் என்று நினைத்துத் தோளைத் தட்டினார். "ஹேய்ன் புரோப்லேம், ஒரு பிரச்சினையும் இல்லை. உங்கள் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது." எனக்கு ஆகாது என்பது தெரியும். யாருக்கு ஆகும் என்றுதான் கேட்டேன்.

கடலூருக்குத் தெற்கே எங்கள் கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை. வருடத்தில் பாதிக்கு மேல் அலை அதை வடக்கே தள்ளிக்கொண்டு போகும். குறுக்கே கல்லைக் கொட்டி மறித்தால் தெற்கில் மணல் சேரும், வடக்கில் கடல் ஏறும். பள்ளியில் பூகோளம் நடத்தியவன், இதைப் படம் போட்டே விளக்கியிருக்கிறேன். எங்கள் ஊர் சாலை மறியல் செய்து, கடலுக்குள் நீளும் கற்சுவரான தூண்டில் வளைவு நான்கு வாங்கியது. பட்டாசு வெடித்தோம். வடக்கே அடுத்த ஊர் என் மனைவி பிறந்த ஊர். அங்கிருந்து முதலில் பெண் எடுத்தோம், பிறகு மணலையும் எடுத்துக்கொண்டோம். அவள் தம்பியான என் மச்சானின் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே மூன்று வரிசை வீடுகள் இருந்தன. இப்போது ஒரு தென்னை இருக்கிறது.

மச்சான் அந்த ஊர்ப் பஞ்சாயத்தில் ஒருவன். அவர்களும் கல் கேட்க முடிவெடுத்து, ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வைத்திருந்தார்கள். அதற்கும் வடக்கே இருக்கிற ஊரில்தான் அவன் தன் ஒரே மகளைக் கட்டிக்கொடுத்திருக்கிறான். சனிக்கிழமை போனில் கூப்பிட்டான்.

"கல்லு போட்டா பாப்பா வூடு போவும். போடலன்னா என் வூடு போவும். நீங்க படிச்சவரு, சொல்லுங்க மாமா."

"கல்லு வேணாம்டா. மண்ணக் கொண்டாந்து கொட்டச் சொல்லிக் கேளுங்க. இங்க அப்படித்தான்."

சிரித்தான். "மண்ண அள்ளிகினு போற லாரியத்தான் மாமா நாங்க பாத்துருக்கோம். கொண்டாந்து கொட்டுற லாரி எந்தூர்ல வருது?"

"அப்ப சிதம்பரத்துல ஒரு வீடு பாத்துப் போயிடேன்."

"போயிட்டு? படக எங்க கட்டுறது, கோயில் கொளத்துலயா?"

ஞாயிறு கூட்டம் முடிந்ததும் மறுபடி கூப்பிட்டான்.

"கல்லுக்குக் கையெழுத்து போட்டுட்டேன் மாமா." பிறகு, "பாப்பாகிட்ட நீங்க சொல்லிடுங்க" என்றான்.

"நானா? பெத்தவன் நீ இருக்கறப்ப நான் எதுக்குடா?"

"நீங்கதான் மாமா எந்த ஊருலயும் இல்ல."

கோபித்துக்கொள்ள நினைத்தேன், அவன் சொன்னதில் தப்பு எதுவும் அகப்படவில்லை. பாப்பாவைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள். "சொல்லுங்க மாமா, நல்லாக்கிறீங்களா? அங்க குளிரா?"

அவள் குரலுக்குப் பின்னால் அலைச்சத்தம் மிக அருகில் கேட்டது. என் ஜன்னலுக்கு வெளியிலும் கேட்டது. எது எந்தக் கடல் என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

"ஆமாம்மா," என்றேன். "இன்னிக்கு குளிரு ஜாஸ்தி."